ஒரு சாணுக்குள் ஓர் அம்பாசடர்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். 1/24 அளவில் ஜப்பான் பிளாஸ்டிக் மாடல் கார் கிட் ஒன்று வாங்கிக் கட்டினேன். பெயின்டைத் தூவுகிற ஏர்பிரஷும் அதற்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசரும் வாங்கி நானே பெயின்ட் அடித்தேன். கதவுப் பக்கமெல்லாம் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக வந்திருக்கிறது. கூரையைத் தொட்டால் மணல் போல நெருடுகிறது. இன்னும் விலை கூடின ஏர்பிரஷ் வாங்கினால் சரியாகுமா? உண்மையில் நான் செய்ய ஆசைப்படுவது எங்கள் ஐயா வைத்திருந்த அம்பாசடரை. அதற்கு எப்படிப் போவது?"

வேண்டாம் தம்பி, உங்கள் கையில் இருக்கிற ஏர்பிரஷே போதும். பெயின்ட் கலந்த பதம், அடித்த நேரம், அடிப்பதற்கு முன்னால் பாடியைத் தயார் செய்த விதம், இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. காரைக்குடியில் பல வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சந்தேகப்படுவது ஏர்பிரஷைத்தான். அடுத்த மாதம் கூடின விலையில் இன்னொன்று வாங்குவார்கள், அதிலும் அதே ஆரஞ்சுத் தோல் வரும், மனசு விட்டுப்போய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கூரையில் இருக்கிற மணல் நெருடல். ஏர்பிரஷிலிருந்து கிளம்புகிற பெயின்ட் துளி, பாடியில் போய் ஈரமாக விழுந்து, பக்கத்துத் துளியோடு சேர்ந்து பரவ வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு அடித்தால், துளி பாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தின்னர் காற்றிலேயே பறந்துவிடும். மிச்சம் இருக்கிற காய்ந்த தூள்தான் வந்து ஒட்டுகிறது. ஆரஞ்சுத் தோல் இதற்குப் பங்காளி. துளி ஈரமாகத்தான் விழுகிறது, ஆனால் பெயின்ட் கெட்டியாக இருப்பதால் பரவுவதற்குள் மேலே ஆடை கட்டிவிடுகிறது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிற கலவை அளவு நம் ஊரின் கோடையை நினைத்து எழுதப்பட்டதல்ல. நமக்குத் தின்னர் கொஞ்சம் கூட வேண்டும். மெதுவாகக் காய வைக்கிற ரிடார்டர் கலந்த தின்னராக இருந்தால் இன்னும் நல்லது. மிஸ்டர் கலர் வகையில் லெவலிங் தின்னர் என்று வருவது அப்படிப்பட்டதுதான். நேரத்தைப் பொறுத்தவரை, கோடையில் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அடித்துவிடுவேன். அதற்கு மேல் உப்புத்தாள் வேலை, உள்பாகங்களை ஒட்டுகிற வேலை என்று வைத்துக்கொள்வேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. காற்றில் ஈரம் ஏறிவிட்டால், வேகமாகக் காய்கிற வகையான லாக்கர் பெயின்ட் பாலாடை போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்துவிடுவதுதான் காரணம். ஒரு மழைநாளில் அவசரப்பட்டுக் கருநீலக் கார் ஒன்றுக்குக் கிளியர் (கலரின் மேல் அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடித்தேன். பத்து நிமிஷத்தில் பானெட் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. அதைக் கழுவிக் கெடுக்காமல் விட்டுவைத்தது நல்லதாகப் போயிற்று. நாலு நாள் கழித்து வானம் வெளுத்ததும், ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் பனி மாதிரி மேலாக அடித்தேன். வெளுப்பு கரைந்து நீலம் திரும்பி வந்தது. அதிலிருந்து மழைக்காலத்தில் கலருக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சான பிரைமரோடு நிறுத்திக்கொள்கிறேன். கம்ப்ரசர் டேங்கின் அடியில் இருக்கிற திருகையும் அந்த மாதங்களில் தினமும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். குழாயில் ஈரம் பிடிக்கிற ஃபில்டர் இல்லையென்றால் வேறு எதை வாங்குவதற்கும் முன் அதை வாங்குங்கள்.

மெல்லிசாக அடி, மெல்லிசாக அடி என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் கை தானாகவே அடங்கும். நிஜக் காரில் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்துப் பெயின்டின் கனம் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். அதை 24-ஆல் வகுத்தால் 5 மைக்ரான் சொச்சம் வரும். அவ்வளவு மெல்லிசாக நம்மால் அடிக்கவே முடியாது. அதாவது எவ்வளவு நன்றாக அடித்தாலும் நம் மாடலில் பெயின்ட் அளவுக்கு மிஞ்சின கனமாகத்தான் இருக்கும். நிஜ வண்டியில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மாடலில் அது 0.2 மில்லிமீட்டர். இரண்டு கோட்டிங் தடித்தால் அந்தக் கோடு தூர்ந்துபோகும், கதவே இல்லாத கார் மாதிரி ஆகிவிடும். அதனால் பிரைமருக்கு முன்பே எல்லாக் கோடுகளையும் ஊசி முனையாலோ கட்டர் பிளேடின் முதுகாலோ மெதுவாக ஆழப்படுத்திக்கொள்வது என் வழக்கம். மெட்டாலிக் கலரிலும் இதே கணக்குதான். நிஜக் காருக்கான மெட்டாலிக் பெயின்டில் இருக்கிற அலுமினியத் தூளை மாடலில் அடித்தால் கல்யாண வீட்டு ஜிகினா மாதிரி மின்னும். மாடலுக்கென்று நைஸாக அரைத்த தூள் போட்டு வருவதையே வாங்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் டிங்கரிங், பெயின்டிங் ஷெட்டுகளுக்குக் குறைவில்லை. அங்கே கிடைக்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டை நூறு மில்லி வாங்கி வந்து அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அடிக்கலாம், ஆனால் தெரிந்துகொண்டு அடிக்க வேண்டும். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். என்.சி. தின்னர் அதன் மேல் நேராகப் பட்டால் மேல்தோலைக் கரைத்துவிடும். வறண்ட கண்மாய்த் தரை மாதிரி வெடித்துப்போகும். முதலில் மாடலுக்கான பிரைமரை இரண்டு மூன்று மெல்லிய கோட்டிங்காகப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, அதன் மேல் ஈரம் கட்டாமல் தூவினாற்போல அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முதலில் ஒரு ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். சாப்பிட்டுத் தூக்கிப்போடுகிற வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகு காரின் ஃபெண்டர் மாதிரியே வளைந்திருக்கும். புதுக் கலர் எதையும் நான் ஸ்பூனில் பார்க்காமல் காரில் ஏற்றுவதில்லை. ஷெட்டுகளில் வேலை செய்கிற அண்ணன்மார்களிடம் பேசுங்கள். பட்டி போட்ட இடத்தை அவர்கள் கண்ணால் பார்ப்பதைவிட விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பழக்கம் நமக்கும் அப்படியே வேண்டும்.

சரி, தயாரிப்பு. பாடியைக் கிட் பெட்டியிலிருந்து எடுத்ததும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் பழைய பல் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கலாம். பிறகு பாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஃபெண்டரின் மேலும் கூரை ஓரத்திலும் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிரைமர் அடித்த பிறகுதான் நாம் பார்க்காமல் விட்டதெல்லாம் தெரியும். மறுபடி தேய்த்து மறுபடி பிரைமர். இந்தச் சுற்று எனக்கு மூன்று முறை நடக்கும். சிவப்பு பிளாஸ்டிக்கில் வந்த கிட்டுக்கு வெள்ளையோ மஞ்சளோ அடிக்கப்போகிறீர்கள் என்றால், அந்தச் சிவப்புச் சாயம் மேலே ஊறி வந்து ரோஜா நிறமாகிவிடும். நடுவில் ஒரு சில்வர் கோட்டிங் போட்டால் தடுக்கலாம்.

இப்போது பதம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு ஊற்றிக் கலக்குங்கள். குலுக்கினால் நுரைக்குமிழ் வரும், அதனால் குச்சியால் கலக்குங்கள். பிறகு குச்சியால் எடுத்துக் குப்பியின் உள்சுவரில் ஒரு சொட்டு மேலே வையுங்கள். அது வழிந்து இறங்குவதைக் கவனியுங்கள். இறங்கிய தடத்தில் மெல்லிய ஒரு படலத்தை விட்டுவிட்டு, காய்ச்சின பால் டம்ளரில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். தடம் கெட்டியாக அப்படியே நின்றால் தின்னர் போதாது. தடமே இல்லாமல் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தால் தின்னர் அதிகம். அளவுக் கோப்பையைவிட இந்தச் சொட்டுதான் எனக்கு நம்பகம், ஏனென்றால் கோடைக்கும் மழைக்கும் நடுவில் அளவு மாறும், பதம் மாறாது.

கார் பாடிக்கு 0.3 மில்லிமீட்டர் ஊசி போதும். காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., தூரம் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர். உங்களுடையது விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட் வருகிற இரட்டைச் செயல் வகையாக இருந்தால், கை இப்படிப் போக வேண்டும்: பாடிக்கு வெளியே அழுத்திக் காற்றை விடு, கையை நகர்த்து, பிறகு இழு. பாடியைக் கடந்து வெளியே போன பிறகு பெயின்டை நிறுத்து, காற்றைக் கடைசியில் நிறுத்து. பாடியின் மேலேயே தொடங்கி மேலேயே நிறுத்தினால் அந்த இரண்டு இடத்திலும் சொட்டு நிற்கும். முதல் கோட்டிங்கில் கீழே இருக்கிற பிரைமர் தெரிய வேண்டும். தெரிகிறதே என்று மறுபடி அங்கேயே போகக் கூடாது. பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கடைசிக் கோட்டிங் மட்டும் சற்று ஈரமாக.

ஈரம் போதுமா என்று எப்படித் தெரியும்? அடிக்கிற இடத்துக்கு மேலே ஒரு டியூப் லைட் இருக்கட்டும். கூரையில் அதன் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். முதலில் வெள்ளையாக ஒரு மங்கல் பட்டைதான் தெரியும். ஏர்பிரஷ் கடந்து போகும்போது அந்தப் பட்டையின் ஓரம் சட்டென்று கூர்மையாகி, கத்தியால் கீறின கோடு மாதிரி நிற்கும். அதுதான் அளவு, அங்கே கையை நகர்த்திவிட வேண்டும். ஒரு நொடி தங்கினால் பிம்பம் நெளிய ஆரம்பிக்கும், நெளிந்தால் பெயின்ட் வழியப்போகிறது என்று அர்த்தம். எனக்கு இந்த வேலையில் இதைவிடச் சந்தோஷமான நொடி வேறு இல்லை.

தூசிக்கு நம் வீடுகளிலேயே வழி இருக்கிறது. அடிப்பதற்கு அரை மணி முன்னால் தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் போட்ட தரையென்றால் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாலே போதும். அடித்து முடித்ததும் பாடியை மூட எங்கள் அப்பத்தா காலத்து மங்குச் சட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அகலமான வாய், உள்ளே வழுவழுப்பு, ஒரு பொட்டுத் தூசி உதிராது. விளிம்புக்கு அடியில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்துக் கவிழ்த்துவிட்டால் தின்னர் ஆவி வெளியே போகும், தூசி உள்ளே வராது. காய்வதற்காக வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். கண்ணாடிச் சட்டத்தின் மெல்லிய தூண்கள் வளைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்க வேண்டாம். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றி இருக்கிற அறைகள் கனத்த சுவர், சின்னக் கதவு, காற்றோட்டம் குறைவு. தூசி இல்லை, ஒதுக்குப்புறம், வசதி என்று அங்கே உட்கார்ந்து லாக்கர் அடிக்கவே கூடாது. அந்த ஆவி தலையைச் சுற்ற வைக்கும், நாள்பட்டால் உடம்பைக் கெடுக்கும், தீயும் பிடிக்கும். சன்னல் ஓரம், வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் விசிறி, முகத்தில் கரி ஃபில்டர் போட்ட மாஸ்க், இந்த மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பூஜை விளக்கோ அடுப்போ எரிகிற பக்கம் வேண்டாம். முற்றத்தில் வைத்து அடிக்கலாமே என்றால் காற்றும் தூசியும் விடாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக்கில் தொடங்குங்கள். பளபளப்பு வருவது கொஞ்சம் சிரமம், ஆனால் வரும். கார் ஷெட்டில் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற கிளியரில் ஐசோசயனேட் என்கிற நச்சு ரசாயனம் இருக்கிறது. வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

பளபளப்பு தடிமனில் இல்லை. நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் நைஸாக அரைத்து, படிப்படியாகப் பூசி, கடைசிப் படையை மெழுகு மாதிரி ஆகும்வரை தேய்த்தே ஏற்றியிருக்கிறார்கள். கைவைத்தால் இன்றைக்கும் கண்ணாடி போலக் குளிர்கிறது. மாடலிலும் கிளியர் மூன்று நாலு மெல்லிய கோட்டிங், ஒரு வாரம் பொறுமை, பிறகு 2000 நம்பரில் தண்ணீர் தொட்டு மேடுகளை மட்டும் தட்டிவிட்டு, பாலிஷிங் காம்பவுண்டை மென்மையான துணியில் எடுத்துத் தேய்ப்பது. காய்ந்துவிட்டதா என்று தெரிய மூக்கருகே வைத்து முகருங்கள். வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. தேய்க்கும்போது ஓரங்களில் விரலை அழுத்தாதீர்கள். அங்கேதான் பெயின்ட் மெல்லிசு, உடனே பிளாஸ்டிக் தெரிந்துவிடும். உங்கள் ஆரஞ்சுத் தோல் காரையும் இப்படித் தேய்த்தே பாதி மீட்டுவிடலாம். கூரை மட்டும் நெருடல் போகும்வரை தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். முழுதாக உரிக்கத்தான் வேண்டும் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறவைத்துப் பிரஷால் தேயுங்கள். அசிட்டோனோ என்.சி. தின்னரோ ஊற்றினால் காரே கரைந்துவிடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனாமல் மேல் லாக்கர் அடிக்காதீர்கள், சுருங்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் சரி. சன்னல் கண்ணாடிகளைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் ஆவி படிந்து மூடுபனி மாதிரி வெளுக்கும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையே போதும். கதவுக் கோடுகளில் கறுப்பு விடாமல் பாடி நிறத்திலேயே இருண்ட சாயல் விட்டால்தான் இயல்பாக இருக்கும்.

குரோம் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். மின்வேதியியலுக்கென்றே 1953-இலிருந்து சிக்ரி ஆராய்ச்சி நிலையம் நடக்கிற ஊர்க்காரர்கள் நாம். நிஜ பம்பரில் இருப்பது மின்முலாம். கிட்டில் வருகிற குரோம் பாகங்களில் இருப்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி அதிகமாக மின்னும். அதை உரித்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பளபளப்பான கறுப்பின் மேல் குரோம் பெயின்டை மிக மெல்லிசாக, குறைந்த அழுத்தத்தில் தூவினால் உலோகம் மாதிரியே இருக்கும். கீழே இருக்கிற கறுப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவுதான் குரோம்.

இனி உங்கள் ஐயாவின் வண்டி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற பிரிட்டிஷ் காரின் மூன்றாம் வரிசையை அடியாக வைத்து 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்து உத்தரபாராவில் வந்த கார் அது. நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். 1/24-இல் 18 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குள் அடங்கும். முப்பரிமாண அச்சில் (3டி பிரிண்டிங்) பாடியை எடுத்துச் செய்வது ஒரு வழி. அச்சின் படிக்கட்டுக் கோடுகளைத் தேய்த்து எடுப்பதுதான் அதில் பெரிய வேலை. ரெசின் தூள் மூச்சில் போகாதபடி தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். கடையில் கிடைக்கிற பொம்மை அம்பாசடரை வாங்கி உரித்து மறுபடி அடிப்பது இன்னொரு வழி. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தகரக் கார் ஏதாவது அகப்பட்டால் அதை மட்டும் உரிக்காதீர்கள். அந்தப் பெயின்டுக்குத்தான் மதிப்பு. எந்த வழியானாலும் இன்னும் இரண்டு மலிவான கிட்டுகளைக் கட்டிவிட்டு இதற்கு வாருங்கள். இந்தக் காரை அவசரத்தில் கெடுத்துக்கொண்டால் உங்களுக்கு மனசு ஆறாது.

கிளியரும் இதற்கு அதிகம் வேண்டாம். அந்தக் காலத்து அம்பாசடர்களில் கலரின் மேல் தனியாகக் கிளியர் கிடையாது. கலரையே தேய்த்துப் பாலிஷ் போட்டார்கள். ஈரம் சொட்டுகிற மாதிரிப் பளபளப்பு வந்தால் அது இந்தக் காலத்து வண்டியாகிவிடும். கலரை அடித்து, நைஸாகத் தேய்த்து, மெழுகுப் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டி இன்னும் ஷெட்டில் நிற்கிறதா? நின்றால் யாரும் எடைக்குப் போடுவதற்குள் ஒரு டேப்பையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே தெரிகிற நிறத்தை நம்ப வேண்டாம், வெயிலில் வெளுத்திருக்கும், நடுவில் ஒரு தடவை மறுபடி அடித்தும் இருப்பார்கள். பின்பக்க டிக்கி மூடியைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் மெதுவாக விலக்குங்கள். ரப்பருக்கு அடியில் வெயில் படாத ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழைய பெயின்ட் இருக்க வாய்ப்பு அதிகம். காலை வெளிச்சத்தில் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் கலக்குகிற கலரை ஸ்பூனில் அடித்து, காய்ந்ததும் அங்கேயே கொண்டுபோய் அந்தப் பட்டையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். எது ஸ்பூன், எது வண்டி என்று பிரித்துச் சொல்ல முடியாத அன்றைக்கு ஏர்பிரஷைக் கையில் எடுங்கள்.